படுக்கையில் புரண்டால் சுழலும் தலை: கழுத்துப் பட்டைதான் வழியா?

வாசகர் கேள்வி:

கும்பகோணத்தில் வசிக்கிறேன். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு வயது 63. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மாதங்களுக்கு முன் விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டபோது, அறையே சுழல்கிறது என்று பதறிப்போய் என்னைப் பிடித்துக்கொண்டார். அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. ஆனால் அன்று முழுவதும் குமட்டல் இருந்தது. அதன்பின் படுக்கும்போதும், வலப்பக்கம் திரும்பும்போதும், கொடியில் துணி உலர்த்த அண்ணாந்து பார்க்கும்போதும் அதே சுற்றல் வந்தது. கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்புத் தேய்மானம் என்று கூறிக் கழுத்துப் பட்டையும் தலைசுற்றல் மாத்திரையும் கொடுத்தார்கள். இரண்டும் இன்றுவரை தொடர்கின்றன. சுற்றல் முன்பைவிடக் குறைவு என்றாலும் நடை தள்ளாடுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். தலைக்குக் குளிக்கவே பயப்படுகிறார். சமையல் உட்பட எல்லா வேலைகளையும் நானே செய்து, அவரை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறேன். பட்டையைத் தொடர வேண்டுமா? யூடியூபில் பார்த்த பயிற்சியை வீட்டிலேயே செய்யலாமா? அடுத்த மாதம் பெங்களூருவில் பேரனுக்குக் காதணி விழா. இரவு ரயிலில் அழைத்துச் செல்லலாமா?

சமநிலைக் குறைபாடுகளுக்கான இயன்முறை மருத்துவரின் பதில்:

மதிப்பிற்குரிய ஐயா,

நோயைக் கண்டறிய உதவும் செய்தி அந்த எக்ஸ்ரே படத்தில் இல்லை. "அரை நிமிடத்தில் அடங்கிவிட்டது", "வலப்பக்கம் திரும்பும்போது" என்று நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறிப்புகளில்தான் இருக்கிறது. தலைசுற்றல் என்று வருபவரிடம், எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்த அசைவு அதைக் கிளப்புகிறது என்ற மூன்றையும் பொறுமையாகக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். மெனியே நோய் என்ற உட்காது நோயில் சுற்றல் 20 நிமிடங்கள் முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். காதடைப்பும் இரைச்சலும் கேட்புக் குறைவும் கூடவே வரும். சமநிலை நரம்பில் அழற்சி ஏற்பட்டால் நாள்கணக்கில் தலை தூக்க முடியாது. ஒற்றைத் தலைவலியை ஒட்டி வரும் சுற்றல் சில நிமிடங்களிலும் தீரலாம், மூன்று நாள்களும் நீளலாம். படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாரும்போதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கிப் போகும் சுற்றலோ பெரும்பாலும் உட்காதில் துகள்கள் இடம் மாறியதால் வருவது. நேரில் பரிசோதிக்காமல் இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்வது முறையாகாது. ஆனால் முதலில் சோதித்துப் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். எட்டு மாதங்களில் அந்தச் சோதனை நடந்ததற்கான குறிப்பே உங்கள் கடிதத்தில் இல்லை.

உட்காதில் தலையின் சுழற்சியை உணர மூன்று அரைவட்டக் குழல்களும், நேர்க்கோட்டு அசைவையும் புவியீர்ப்பையும் உணர இரண்டு சிறு பைகளும் உள்ளன. பைகளுக்குள் கூழ் போன்ற ஒரு படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்திருக்கின்றன. வயது ஏறும்போதோ, தலையில் அடிபட்டாலோ, எலும்பு நலிந்திருந்தாலோ, நீண்ட நாள் படுத்த படுக்கையாக இருந்தாலோ இவற்றில் சில பெயர்ந்து அரைவட்டக் குழல் ஒன்றுக்குள் விழுந்துவிடும். பெரும்பாலும் பின்புறக் குழலில்தான் விழும். படுக்கும்போது அந்தத் துகள்கள் குழலுக்குள் உருண்டு, உள்ளிருக்கும் திரவத்தையும் இழுத்துச் செல்கின்றன. தலை அசையாமல் இருந்தாலும் வலக்காது "சுழல்கிறேன்" என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இடக்காது அப்படி எதுவும் சொல்வதில்லை. இந்த முரண்பாடுதான் அறை சுழல்வதாகத் தோன்றுகிறது. பானைத் தண்ணீரில் மண்டி படிவதைப் போலத் துகள்கள் அடியில் தங்கியதும் சுற்றல் நின்றுவிடும். அரை நிமிடக் கணக்கின் காரணம் இதுதான்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட நோயன்று. உட்காதின் சமநிலை உறுப்பை ஆராய்ந்து 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனி, பக்கவாட்டில் படுத்தால் சுற்றல் வரும் ஒரு நோயாளியைப் பற்றி 1921இலேயே எழுதியிருக்கிறார். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் இலண்டனில் வகுத்த பரிசோதனையைத்தான் இன்றும் நாங்கள் செய்கிறோம். அதற்கு ஸ்கேன் வேண்டாம், இரத்தப் பரிசோதனையும் வேண்டாம்; ஒரு படுக்கையும், கண்ணைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்த ஒருவரும் போதும்.

அது எப்படி நடக்கும் என்று விரிவாகவே சொல்கிறேன். துணைவியாருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அச்சம் குறையும். அவரைக் கால்நீட்டி அமரவைத்து, தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, தோள்களைத் தாங்கியபடியே சட்டென்று மல்லாக்கப் படுக்க வைப்போம். தலை படுக்கையின் விளிம்புக்கு அப்பால் சற்றே தாழ்ந்து எங்கள் கைகளில் இருக்கும். கண்களை மூடக் கூடாது. முதல் சில நொடிகள் ஒன்றும் நடக்காது. பிறகு கருவிழிகள் மேல்நோக்கித் துள்ளியும், கீழே இருக்கும் காதை நோக்கிச் சுழன்றும் துடிக்கத் தொடங்கும். துடிப்பு ஏறி, தணிந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். விழி எந்தத் திசையில் துடிக்கிறது என்பதிலிருந்தே எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரிந்துவிடும். துடிப்பு கீழ்நோக்கி இருந்தாலோ, நேரம் கடந்தும் அடங்காமல் நின்றாலோ காதைத் தாண்டி மூளையிலும் காரணம் தேட வேண்டும். அந்த நிலையில் நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவோம்.

வலக்காதின் பின்புறக் குழல்தான் என்று உறுதியானால் சிகிச்சை அங்கேயே, அந்தப் படுக்கையிலேயே தொடங்கும். அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் வகுத்து, 1992இல் விரிவாக வெளியிட்ட முறை அது. வலப்பக்கம் திரும்பிய தலையைச் சுற்றல் அடங்கும்வரை அப்படியே வைத்திருந்து, பின்பு இடப்பக்கம் 90 பாகை திருப்பி, அடுத்து உடலையும் சேர்த்து இடப்பக்கம் உருட்டி முகம் தரையைப் பார்க்கும்படி நிறுத்தி, கடைசியில் எழுப்பி உட்கார வைப்போம். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை காத்திருப்போம். துகள்கள் குழலின் வளைவு முழுவதையும் கடந்து, பழைய பையிலேயே போய் விழுவதற்காகத்தான் இத்தனை திருப்பங்களும். பெரும்பாலோருக்கு ஓரிரு முறையிலேயே பலன் தெரியும். இது முடிந்தபின் இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்க வேண்டும், ஒரு வாரம் குனியக் கூடாது என்று முன்பெல்லாம் சொல்லி அனுப்புவார்கள். அந்தக் கட்டுப்பாடுகள் தேவையில்லை என்பது இப்போது தெளிவாகிவிட்டது.

இனி யூடியூப் பற்றிய கேள்வி. நீங்கள் பார்த்தது அநேகமாக இந்த எப்லி முறையாகவே இருக்கும், முறை சரியானதுதான். ஆனால் எந்தக் காது, எந்தக் குழல் என்று தெரியாமல் செய்தால், பலனில்லாமல் போவதோடு சில வேளைகளில் துகள்கள் பின்குழலிலிருந்து பக்கவாட்டுக் குழலுக்கு நழுவி, சுற்றல் முன்பைவிடக் கடுமையாகிவிடும். பக்கவாட்டுக் குழலுக்கான சிகிச்சையே வேறு. கழுத்து எலும்பில் உண்மையான பாதிப்பு இருப்பவருக்கும், அண்மையில் கண் விழித்திரைக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கும் நிலைகளை மாற்றிச் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே முதல்முறை பயிற்சி பெற்றவரிடம் செய்துகொள்ளுங்கள். நீங்களும் உடனிருந்து கற்றுக்கொண்டால் பின்னாளில் தேவைப்படும்போது வீட்டிலேயே செய்யலாம்.

கழுத்துப் பட்டையைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். அறுபதைக் கடந்தவர்களில் பெரும்பாலோரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் தெரியத்தான் செய்யும். தலைசுற்றலே இல்லாத உங்களுக்கு எடுத்தாலும் தெரியக்கூடும். படத்தில் தேய்மானம் இருப்பதும், சுற்றலுக்கு அதுவே காரணம் என்பதும் வெவ்வேறு செய்திகள். நம் ஊர்களில் தலைசுற்றல் என்றதும் கழுத்தைப் படம் எடுத்துப் பட்டை கட்டி அனுப்பும் வழக்கம் வேரூன்றிவிட்டது. கையில் வலியோ மரத்துப்போதலோ கைகளில் பலக்குறைவோ இல்லாமல், சுற்றலுக்காக மட்டும் எட்டு மாதம் பட்டை அணிவதில் பயனில்லை, கெடுதல் உண்டு. தலை திரும்பாவிட்டால் உட்காதுக்கும் கண்ணுக்கும் இடையிலான இசைவு பழக்கமற்றுப்போகும். கழுத்துத் தசைகள் இறுகும். குனிந்து கால் வைக்கும் இடத்தைப் பார்க்க முடியாமல் படியில் தடுக்கும் வாய்ப்பும் கூடும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்தக் காரணங்களைச் சொல்லிக் கேட்டு, வலி முதலிய வேறு காரணம் இல்லையென்றால் பகலில் கொஞ்சங்கொஞ்சமாகக் கழற்றி வைத்துப் பழகச் சொல்லுங்கள்.

மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை உட்காதிலிருந்து வரும் செய்தியை மழுங்கடிப்பவை. சுற்றல் உச்சத்தில் இருக்கும் முதல் சில நாள்களுக்கு அவை தேவைப்படலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால், மூளை புதிய நிலைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்வதை அவையே தடுத்துவிடும்; முதியவர்களுக்கு அசதியும், சிலருக்குக் கைநடுக்கமும் காலை இழுத்து நடக்கும் பார்க்கின்சன் போன்ற நடையும் வரக்கூடும். தலைசுற்றலுக்குத் தரப்படும் இன்னொரு மாத்திரையான பீட்டாஹிஸ்டின் அந்த வகையைச் சேர்ந்ததன்று என்றாலும், குழலுக்குள் கிடக்கும் துகளை எந்த மாத்திரையாலும் நகர்த்த முடியாது. நீங்களாக எதையும் நிறுத்திவிட வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோய், இன்னும் எவ்வளவு நாள் என்று மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இதுவரை சொன்னது சுற்றலுக்கு. துகள் இடத்துக்குப் போனதும் சுற்றல் நின்றுவிடும். ஆனால் சுவரைப் பிடித்து நடக்கும் பழக்கம் தானாகப் போகாது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான். நாம் விழாமல் நிற்பதற்குக் கண்ணும், உட்காதும், பாதத்திலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வும் என மூன்று வழிகளில் மூளைக்குச் செய்தி போகிறது. தலைக்குக் குளிக்க அவர் பயப்படுவதில் பொருள் இருக்கிறது. சீயக்காய் கண்ணில் படாமல் இமைகளை இறுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஈரத்தரையில் நிற்கும் அந்த நேரத்தில் கண்ணின் துணை முழுவதும் போய்விடுகிறது. உட்காதையும் பாதத்தையும் மட்டுமே நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. உட்காது ஏற்கெனவே பிழையான செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. சர்க்கரை நோய் பல ஆண்டுகளாக இருந்தால் பாதத்தின் உணர்வும் மங்கியிருக்கலாம். ஆகையால் மெல்லிய நைலான் இழையாலும் அதிர்வுக் கவையாலும் பாதங்களைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இரத்த அழுத்தத்தையும் உட்கார்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் போதாது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒருமுறையும், எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடியும் அளக்க வேண்டும். நின்றதும் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழும்போது வரும் கிறுகிறுப்புக்கு அதுவும் ஒரு காரணம். மாத்திரையின் அளவையோ சாப்பிடும் நேரத்தையோ மாற்றுவது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். ஒரே ஆளிடம் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருப்பது இந்த வயதில் மிகச் சாதாரணம். ஒன்றைக் கண்டுபிடித்ததும் மற்றவற்றை மறந்துவிடுவதால்தான் பலருக்குச் சிகிச்சை பாதியில் நிற்கிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தில் தலையில் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த காத்தோர்ன் என்ற காது அறுவை மருத்துவரும், குக்ஸி என்ற மருத்துவரும், அசையாமல் படுத்திருந்தவர்களைவிட எழுந்து நடமாடியவர்களுக்குச் சுற்றல் விரைவில் குறைவதைக் கவனித்தார்கள். கண், தலை, உடல் என்று படிப்படியாக அசைக்கும் பயிற்சித் தொகுப்பொன்றை அவர்கள் அப்போது வகுத்தார்கள். சமநிலை மறுவாழ்வுப் பயிற்சி என்று இன்று சொல்லப்படுவதற்கெல்லாம் மூலம் அதுவே. எங்கள் துறை அதன்பின் வெகுதூரம் வந்திருந்தாலும், தலைசுற்றல்காரரை அசைத்துத்தான் குணப்படுத்த வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

தலையை வேகமாகத் திருப்பும்போது பார்வை நிலைகுலைந்தால், உட்காதின் செயல்திறனே குறைந்திருக்கிறதா என்று இயன்முறை மருத்துவர் சோதித்துப் பார்ப்பார். குறைந்திருந்தால் அதற்கென்று ஒரு பயிற்சி உண்டு. நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, தேதி எண் கண்மட்டத்தில் வரும்படி கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் ஒட்டுங்கள். துணைவியார் நாற்காலியில் அமர்ந்து, அந்த எண்ணின்மீதிருந்து பார்வையை எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக, "இல்லை" என்று சொல்வதுபோல ஆட்ட வேண்டும். பிறகு மேலும் கீழுமாக. எண் கலங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகமே சரியான வேகம். ஒரு நிமிடம் செய்துவிட்டு ஓய்வெடுக்கலாம். அமெரிக்க இயன்முறை மருத்துவச் சங்கம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதல், நாள்பட்ட ஒருபக்கக் குறைபாட்டுக்கு இதை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து தடவையாகப் பிரித்து, மொத்தம் 20 நிமிடங்களேனும், நான்கு முதல் ஆறு வாரங்கள் செய்யச் சொல்கிறது. செய்யும்போது லேசாகக் கிறுகிறுக்கத்தான் செய்யும். அது கால்மணி நேரத்துக்குள் அடங்கினால் பயிற்சி சரியான அளவில் இருக்கிறது. வெகுநேரம் நீடித்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நிற்கும் பயிற்சியை அறையின் மூலையில் செய்யுங்கள். இரு சுவர்களும் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும்; முன்னால் ஒரு கனமான நாற்காலியின் சாய்மானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முதலில் பாதங்களைச் சேர்த்து வைத்து அரை நிமிடம் நிற்க வேண்டும். அது எளிதானதும் ஒரு பாதத்தை மற்றதன் முன்னால் பாதியளவு நகர்த்தி நிற்க வேண்டும். அதற்கும் பிறகுதான் மடித்த ஜமுக்காளத்தின்மேல் நிற்பதும், நீங்கள் அருகில் இருக்கும்போது கண்ணை மூடுவதும். இங்கே உங்கள் வேலை, ஐயா, அவரைப் பிடித்துக்கொள்வதன்று. பக்கவாட்டில், ஓரடி பின்னால், கைகளைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பதுதான். கையைப் பற்றிக்கொண்டேயிருந்தால் அவருடைய மூளை உங்கள் கையைத்தான் நம்பும், தன் காலை நம்பாது.

இதையே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சமையல் முதல் எல்லாவற்றையும் நீங்களே ஏற்றுக்கொண்டது அன்பினால் செய்தது. ஆனால் எட்டு மாதங்களாகக் குனிந்து கோலம் போடாமல், கொடியில் துணி போடாமல், கடைத்தெருவுக்குப் போகாமல் இருப்பவருக்குக் கால் தசையும் தன்னம்பிக்கையும் சேர்ந்தே இளைக்கும். துகளைச் சரிசெய்த பிறகு வேலைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுங்கள். மேடையில் நின்றபடி காய் நறுக்குவதில் தொடங்கலாம்; அடுத்து தாழ்ந்த கொடியில் துணி; பிறகு மாலையில் உங்களோடு தெருமுனை வரை நடை. சுவரைப் பிடிப்பதற்குப் பதில் சில வாரங்களுக்கு ஒரு கைத்தடி நல்லது. அது கூச்சப்பட வேண்டிய பொருளன்று. குளியலறையில் சுவரோடு பதித்த கைப்பிடி ஒன்றும், உட்கார்ந்து குளிக்கச் சறுக்காத முக்காலி ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க எளிய வழி உண்டு. கைவைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் தூரம் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை நொடிகள் ஆகின்றன என்று கைப்பேசியில் பார்த்து வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். 12 நொடிகளோ அதற்கு மேலோ ஆனால் விழும் வாய்ப்பு கூடுதல் என்று கொள்கிறோம்.

அஞ்சல் துறையில் இருந்தவர் என்பதால் கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்குப் போகும் வழியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதலில் காட்டி, கேட்புத்திறன் பரிசோதனையும் செய்துகொள்ளலாம். தனியார் இயன்முறை மருத்துவரிடம் போவதானால், படுக்க வைத்துக் கண்ணசைவைப் பார்த்துச் சோதிப்பீர்களா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். கழுத்துக்கு இழுவையும் மின்சிகிச்சையும் கொடுத்தால் தலைசுற்றல் போய்விடும் என்று பதில் வந்தால் வேறிடம் பார்ப்பது நல்லது.

சில அறிகுறிகளுக்கு இந்தக் கடிதம் பொருந்தாது. பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, முகமோ கைகாலோ ஒருபக்கம் செயலிழத்தல், இதுவரை இல்லாத கடுந்தலைவலி, திடீரெனக் காது கேளாமை, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று சுற்றலோடு சேர்ந்து வந்தாலும் உடனே 108ஐ அழையுங்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர் என்பதால் பக்கவாதத்தை நினைவில் வைத்தே ஆக வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பயன்.

குணமான பின்னும் இந்தத் துகள் தொல்லை மறுபடி வரக்கூடியதே. சில ஆண்டுகளுக்குள் கணிசமானோருக்குத் திரும்புகிறது. வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அதைச் சரிசெய்தால் திரும்ப வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருப்பதால், அடுத்த இரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மறுமுறை வரும்போது இடக்காதிலும் வரலாம் என்பதால், சோதித்துப் பார்த்த பிறகே எந்தப் பக்கம் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும்.

பெங்களூருப் பயணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே சோதனையும் சிகிச்சையும் முடிந்துவிட்டால் தாராளமாக அழைத்துப் போகலாம். கீழ்ப் படுக்கையாகவே பதிவு செய்யுங்கள். தலையணையைச் சற்று உயரமாக வைத்துக்கொள்ளட்டும். எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டு நிற்கட்டும். ஓடும் ரயிலில் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது மட்டும் நீங்கள் கூடவே போய், கைப்பேசி விளக்கை அவருடைய கால்முன் காட்டுங்கள். அந்த ஆட்டத்தில் அவர் உங்கள் தோளைப் பிடித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.